நான்காவது கேபிள்

பெனிட்டா தெருவில் இறங்கினால், கதவு சாத்துகிற சத்தம் அவளுக்கு முன்னால் போகும். குருசடித்துறையில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. கடற்காற்று வேண்டும், தெருவில் போகிறவர்களிடமிருந்து ஊர்க்கதை வேண்டும். ஆனால் தோளில் கறுப்புப் பையும் கையில் அட்டைப் பெட்டியுமாக அவள் வருவதைப் பார்த்துவிட்டால் போதும், வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அவள் போலீஸ் இல்லை, பேயோட்டியும் இல்லை. கணினிப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு மாட்டுகிறவள், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் முப்பத்திரண்டு வீடுகளில் மாட்டி முடித்துவிட்டாள். அதில் இருபத்தொன்பது வீடுகளுக்குக் கோயிலில் துக்க மணி அடித்தது.

வெளியூர்க்காரருக்கு இது விளங்க வேண்டுமென்றால் ஏழு வருடம் பின்னால் போக வேண்டும். ஒரு டிசம்பர் மாதத்துப் புயலில் குருசடித்துறை ஆண்கள் முப்பத்து மூன்று பேர் கடலில் காணாமல் போனார்கள். கப்பலும் ஹெலிகாப்டரும் பத்து நாள் தேடின. பதினோராவது நாள் தேடல் முடிந்தது என்று ஓர் அதிகாரி மைக்கில் வாசித்துவிட்டுக் காரில் ஏறினார். அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் ஐந்து மாதம் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேடலை நிறுத்தக் கூடாது. கடைசியில் கப்பல் அனுப்ப முடியாத அரசாங்கம் கணினி அனுப்பியது.

அதைக் கடல் தேடல் வாரியம் என்றார்கள். வாரியத்திலிருந்து வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது, அரிசி டின் அளவுக்கு. ஆள் கடைசியாக எங்கே இருந்தார் என்று சொல்லிவிட்டால், அன்றன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் வாங்கிக் கணக்குப் போட்டு, இப்போது எங்கே மிதந்துகொண்டிருப்பார் என்று அது காட்டும். திரையில் கடல் வரைபடம், அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளிக்குக் கீழே ‘தேடலில்’ என்று எழுதியிருக்கும். ஏழு வருடமாக ஒரு மனிதன் கடலில் மிதக்க முடியாது என்று தெரியாதவர்கள் ஊரில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் காலையில் எழுந்ததும் அந்தப் புள்ளியைப் பார்க்காமல் ஒருத்தியும் முகம் கழுவ மாட்டாள்.

புள்ளி அசைகிற வரைக்கும் ஆள் செத்தவர் இல்லை. அதனால் இறப்புச் சான்றிதழ் கிடையாது, அடக்கப் பூசை கிடையாது, மறுகல்யாணப் பேச்சும் கிடையாது. கலர் சேலை உடுத்தலாமா கூடாதா என்று கேட்டுக் கேட்டுப் பெண்கள் களைத்துப்போனார்கள். கோயிலில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு மன்றாட்டு, இறந்தவர்களுக்கு ஒரு மன்றாட்டு என்று இருந்ததை, பங்குச் சாமியார் மூன்றாக்கிவிட்டார். மூன்றாவது பட்டியலை வாசிக்கும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். அந்தப் பட்டியலில் பெனிட்டாவின் கணவன் சஜின் பதினேழாவது பெயர்.

பெனிட்டாவுக்கு அந்தப் பட்டியலால் கிடைத்த சொத்து ஒன்று உண்டு. அது ஜோஸ்பின் அக்கா. நான்கு வீடு தள்ளி இருக்கிறவள், ஒரே மகன் ஆன்றோவைக் கடலுக்குக் கொடுத்தவள். புயலுக்கு முன்னால் இருவருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. மூன்றாம் வருடம் ஒருநாள் ஜோஸ்பின் மூச்சிரைக்க ஓடிவந்து திரையைப் பார்த்தாள்.

“பெனிட்டா, ஒனக்க ஆளு இண்ணைக்கு எங்க நிக்கான்?”

“மாலத்தீவுக்கு மேக்க, அக்கா. ஏன்?”

“எனக்க பயலும் அங்கதான் நிக்கான்! பக்கத்துல பக்கத்துலதான் நிக்காங்க ரெண்டு பேரும். நல்லதாப் போச்சு பாத்துக்க, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.”

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு வீட்டுப் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. புள்ளிகள் விலகினால் ஜோஸ்பினுக்கு அன்று முழுக்க மனசு சரியிருக்காது. நெருங்கினால் அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் ஒரு கிண்ணம் பெனிட்டா வீட்டுக்கு வரும். கேட்கிறவர்கள் சிரிக்கலாம். பெனிட்டாவும் முதலில் உள்ளுக்குள் சிரித்தாள். பிறகு ஒருநாள் அவளே விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய், “அக்கா, ரெண்டும் ஒரே எடத்துல மழை நனையுது” என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

போன ஆகஸ்டில்தான் புதிய கார்டுகள் வந்தன. முதல் வீட்டுக்கு நகரத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். கார்டு மாட்ட வேண்டும், கூடவே அதற்கு மின்சாரம் தருகிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவையும் மாற்ற வேண்டும். டப்பாவை மாற்றினவன் பழைய கேபிள்களைக் கழற்றச் சோம்பல்பட்டு அவற்றையே புதிய டப்பாவில் செருகிவிட்டான். பார்ப்பதற்கு அம்சமாகப் போய் உட்கார்ந்தன. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு வாடை வந்தது. அந்த வீட்டின் ஏழு வருடப் புள்ளி புகையாகப் போயிற்று. வாரியம் வேறு பெட்டி தர வேண்டியதாயிற்று. ஆளை அடிக்காமல் விட்டது அந்தோனியார் புண்ணியம். பெனிட்டா எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவள், ஜங்ஷனில் செல்போன் பழுது பார்ப்பவள் என்பதால், வாரியத்துப் பொறியாளர் நந்தகுமார் அவளைப் போனில் பிடித்தார்.

“மேடம், நீங்களே செஞ்சிடுங்க. உங்க ஊர்க்காரங்க வெளியாளை இனி உள்ள விடமாட்டாங்க.”

“எதுக்கு சார் அந்தக் கேபிள் எரிஞ்சுது? வாய் சரியா இருந்துதே.”

“வாய் ஒண்ணுதான். உள்ள கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அதனால டப்பாவோட வந்த கேபிளை மட்டும்தான் போடணும். அடுத்தது, இந்தக் கார்டுக்குத் தலையில ஒரே துளை. அதுல மாட்டுற இணைப்பு நாலாப் பிரியும். நாலுக்கும் தனித்தனியா நாலு கேபிள். ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருக்கேன்னு அதை ரெண்டுலயும் செருகாதீங்க, சூடாகி உருகிடும். டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க.”

“நாலுல ஒண்ணு மாட்டலைன்னா?”

“ஓடும். ஆனா அடங்கி ஓடும். அன்னன்னைக்கு வர்ற காத்தையும் நீரோட்டத்தையும் முழுங்கவே அதுக்கு நேரம் சரியா இருக்கும். புது வேலைக்கு நேரம் மிஞ்சாது.”

“என்ன புது வேலை சார்?”

நந்தகுமார் சொன்னார். புயலுக்கு முன்னும் பின்னுமான நாட்களில் வானத்திலிருந்து எடுத்த படங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வள்ளத்தின் நீளம், நிறம், கடைசி வயர்லெஸ் செய்தி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, புதிய கார்டு ஒவ்வொரு படத்திலும் கடலைத் துளித்துளியாகப் பார்க்கும். வள்ளம் கவிழ்ந்த இடம் கிடைத்துவிட்டால் புள்ளி நின்றுவிடும். ‘தேடலில்’ என்பது ‘நிறைவு’ என்று மாறும். மூன்று மணி நேரம் அப்படியே நின்றால் செய்தி வாரியத்துக்குப் போய்விடும்.

“அப்போ தேடிக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கார்டுன்னு சொல்லாதீங்க சார். முடிச்சு வைக்கன்னு சொல்லுங்க.”

“உண்மை தெரிஞ்சா நல்லதுதானே மேடம்.”

அவளும் அதைத்தான் நம்பினாள். வீடு வீடாகப் போய் அதே வாக்கியத்தைச் சொன்னாள். முதல் வாரமே ஆறு வீட்டில் மணி அடித்தது. அடக்கப் பூசை நடந்தது, அழுதார்கள், வெறும் பெட்டியைப் புதைத்துக் கல்லில் பெயர் வெட்டினார்கள். இரண்டு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பதான் மோளே ஒறங்கினேன்” என்றார்கள். மற்றவர்கள் அவளைப் பார்த்ததும் கதவு சாத்தத் தொடங்கினார்கள். கார்டு செய்கிற காரியத்துக்குக் கார்டை வைய முடியுமா?

இடையில் ஒரு வீட்டில் திரை முழுக்க ஒரு நேர்கோடு வந்து அவளைக் குழப்பியது. நந்தகுமாரைக் கேட்டாள்.

“அது வேற ஏதோ கப்பல் மேடம், தப்பாப் பிடிச்சிருக்கு. கொஞ்ச நேரத்துல அதுவே விட்டுடும். மிதந்து போறது குடிகாரன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். நேர்கோடு வந்தா அது எஞ்சின்.”

சொன்னபடியே பத்து நிமிடத்தில் கோடு மறைந்தது.

ஜோஸ்பின் அக்கா வீட்டில் மாட்டியது செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. இந்தப் பெட்டி மந்தமாக ஓடுகிறது, போய்ப் பாருங்கள் என்று வாரியத்திலிருந்து செய்தி வந்தது. பெனிட்டா போய்ப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். நான்காவது கேபிள் வெளியே கிடந்தது.

“எலி இழுத்திருக்கும்” என்றாள் ஜோஸ்பின், அடுப்பைப் பார்த்தபடி.

“அக்கா, இதுல ஒரு கொக்கி இருக்கு. அதை விரலால அமுக்கினாத்தான் வெளிய வரும். எலி அமுக்குமா? அமுக்கிட்டு ஸ்க்ரூவையும் திருப்பி முடுக்கி வைக்குமா?”

ஜோஸ்பின் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“ஒருக்கா வந்துச்சு மக்களே. நீ மாட்டின மறுநாளே வந்துச்சு. நிறைவுன்னு. எனக்கு என்ன தெரியும்? கண்ணை மூடிட்டு ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன். கறண்டு போன மாதிரி அணைஞ்சுது. மறுபடி வந்தப்ப பயல் பழைய எடத்துலயே நிக்கான். நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? அவன் பாட்டுக்கு நிக்கட்டும். சஜின் பக்கத்துலதானே நிக்கான்.”

இந்த இடத்தில் பெனிட்டா வாயை மூடிக்கொண்டு தகட்டைத் திருப்பி மாட்டியிருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும். வாரியத்துக்குப் பதில் எழுத வேண்டும், நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொருத்தி இழுப்பாள், இப்படியே பொய்யில் எத்தனை நாள் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றியது. படித்தவளாயிற்றே. “உண்மை தெரிஞ்சா நல்லதுதானே அக்கா” என்று சொல்லிக்கொண்டே கேபிளை எடுத்து, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள்.

சாயங்காலம் ஆன்றோவின் புள்ளி நின்றது. மறுநாள் மணி அடித்தது. அடக்கப் பூசையில் பெனிட்டா பின்வரிசையில் நின்றாள். ஜோஸ்பின் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு மரச்சீனிக்கிழங்கு வரவில்லை, ‘எங்க நிக்கான்’ என்ற கேள்வியும் வரவில்லை. மாலத்தீவுக்கு மேற்கே சஜினின் புள்ளி மட்டும் ஒற்றையாக அசைந்துகொண்டிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

மிச்சம் இருந்தது அவளுடைய வீடு ஒன்றுதான்.

நாளை, நாளை என்று அக்டோபர் கடைசி வரைக்கும் தள்ளினாள். அப்போது நந்தகுமார் கூப்பிட்டார்.

“உங்க வீட்டுப் பெட்டி மட்டும் பழைய கார்டுல ஓடுது மேடம். ஞாயித்துக்கிழமையோட பழைய கார்டுகளுக்குக் கடல் தகவல் அனுப்புறதை நிறுத்துறோம். அப்புறம் புள்ளி அப்படியே உறைஞ்சிடும்.”

“மாட்டினா முடிஞ்சுபோகும், மாட்டலைன்னா உறைஞ்சுபோகும். நல்லா இருக்கே சார்.”

“முப்பத்திரண்டுல மூணு இன்னும் தேடல்லதான் இருக்கு. உங்களோடது நாலாவதா இருக்கலாம்.”

அந்த மூன்று வீடுகளிலும் கேபிளைப் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளபடி சொன்னால், சஜினோடு அவள் வாழ்ந்த ஆறு வருடத்தைவிட அந்தப் புள்ளியோடு வாழ்ந்த காலம் நன்றாக இருந்தது. சஜின் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. பேசாதவன். பிள்ளை இல்லை என்று ஆனபிறகு சுத்தமாகப் பேசாதவன். கடலிலிருந்து வருவான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. என்ன யோசிக்கிறாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். இந்தப் புள்ளியோ எங்கே இருக்கிறேன் என்று தினமும் காலையில் சொல்லியது. கேட்டால் பதில் வருகிற புருஷன் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அவன் கடைசியாகப் போன விவரமும் சாதாரணம்தான். கூட வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்று தனியாகவே போனான். ஆழத்துக்குப் போகிறேன் என்று மண்ணெண்ணெய் கேன் நாலைந்து கூடுதலாக ஏற்றினான். அன்று சாயங்காலம் வயர்லெஸில், “எஞ்சின் நின்னுபோச்சு, நீரோட்டத்துல ஒழுகிப் போறேன்” என்று அவன் குரல் வந்தது. மூன்றாம் நாள் புயல். வாரியத்துப் படிவத்தில் ‘காணாமல் போனபோது உடுத்தியிருந்த உடை’ என்று ஒரு கட்டம் இருந்தது. கைலி, பனியன் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த வாரம் பீரோவைத் துழாவியபோது அவனுடைய நீலச் சட்டை கண்ணில் படவில்லை. கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற, அயர்ன் பண்ணி மடித்து வைத்த சட்டை. யாருக்காவது கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு அந்தச் சட்டை எதற்கு?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்தாள். பிறர் வீட்டில் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அணைப்பதற்கு முன்னால் புள்ளியைப் பார்த்து, “இப்ப வந்துருவேன்” என்று சொன்னாள். சொன்ன பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. தூசியை ஊதினாள். பழைய எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைக் கழற்றி, அதன் கேபிள்களைச் சுருட்டித் தனியே ஒரு பையில் போட்டுக் கட்டினாள், கை தவறிக்கூட எடுத்துவிடக் கூடாது என்று. புதிய கார்டு செங்கல் கனம் இருந்தது. பலகையில் அதை அழுத்தி உட்காரவைத்து ஸ்க்ரூ முடுக்கினாள். ஒன்று, டக். இரண்டு, டக். மூன்று, டக்.

நான்காவது கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றோடு விட்டால் யாருக்கும் தெரியாது. வாரியத்திலிருந்து மந்தமாக ஓடுகிறது என்று செய்தி வந்தால், போய்ப் பார்க்க வேண்டியவளும் அவளேதான். ஆனால் ஜோஸ்பின் அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் மாட்டிவிட்டுத் தன் வீட்டில் மட்டும் விட்டால் அவள் என்ன பிறவி? நான்காவதையும் அழுத்தினாள். சத்தம் வந்தது.

விசிறிகள் ஒரு முறை உரக்கச் சுற்றி அடங்கின. புள்ளி பழைய இடத்திலேயே தெரிந்தது. பெனிட்டா சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கறுப்புச் சேலை இருக்கிறதா என்று பீரோவில் பார்த்தாள். இருந்தது.

இரண்டரை மணிக்குப் பெட்டியிலிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, ஆண்டவரே என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

‘கரை சேர்ந்தார்.’

அப்படி ஒரு வார்த்தை அந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வீட்டில் ஒன்றில்கூட வந்ததில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான். சஜின் உயிரோடு இருக்கிறான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தெருவுக்கு ஓட வேண்டும், கோயிலுக்கு ஓட வேண்டும், துக்க மணி இல்லை, பெரிய மணியை அடிக்கச் சொல்ல வேண்டும். எழுந்து கதவு வரைக்கும் போனவள், எந்தக் கரை என்று பார்க்கத் திரும்பி வந்தாள்.

பச்சைப் புள்ளி மாலத்தீவுப் பக்கம் இல்லை. சஜின் எந்தக் காலத்திலும் அங்கே இருந்ததில்லை. வயர்லெஸில் எஞ்சின் நின்றுபோனது என்று சொன்ன இடத்திலிருந்து ஒரு கோடு கிளம்பியிருந்தது. கரைக்குத் தெரியாத தூரத்தில், கரைக்கு இணையாக வடக்கே போய், இரண்டாம் நாள் காலையில் ஒரு துறைமுக ஊரில் முடிந்திருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான கோடு.

இது வேறு கப்பலாக இருக்கும், தப்பாகப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள். பத்து நிமிடம் காத்திருந்தாள். இருபது நிமிடம் காத்திருந்தாள். பெட்டி அதை விடவில்லை. விடாததோடு, படங்களையும் வரிசையாக எடுத்துப் போட்டது. நீலமும் மஞ்சளும் பூசிய வள்ளம், முனையில் அவளே பெயின்ட் அடித்த வெள்ளைப் பட்டை. எட்டுப் படங்கள். எட்டிலும் வள்ளத்துக்குப் பின்னால் வெள்ளையாக நுரை நீண்டிருந்தது. நின்றுபோன எஞ்சின் நுரை கிளப்பாது.

ஊரை அழித்த புயல் வந்தது மூன்றாம் நாள். அது வந்தபோது சஜின் கடலிலேயே இல்லை. ஏதோ ஒரு தெருவில், அயர்ன் பண்ணின நீலச் சட்டையில், மழைக்கு ஒதுங்கி நின்றிருப்பான்.

அந்த ஊருக்கு ரயிலில் ஆறு மணி நேரம். ஏழு வருடமாக அவன் அவளிடமிருந்து ஆறு மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறான். அவள் வேறெங்கோ மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். போய்ச் சேர்ந்த மறுநாளே லாரியில் அடிபட்டுச் செத்திருக்கலாம், அதனால்தான் தகவல் இல்லையோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி இருக்கக் கூடாதா என்று தான் ஆசைப்படுவது புரிந்ததும் பெனிட்டாவுக்கு உடம்பு கூசியது. செத்திருந்தால் அழுதிருப்பாள். அழுவதற்கு ஊரே கூட வந்திருக்கும். இதற்கு யார் வருவார்கள்? ஐந்தரை மணிக்குச் செய்தி வாரியத்துக்குப் போகும். ஆறு மணிக்கு ஊர் முழுக்கத் தெரியும். முப்பத்திரண்டு வீடுகளும் தங்கள் ஆட்களைக் கடலில் கொடுத்திருக்க, அவள் வீட்டு ஆள் மட்டும் அவளைவிட்டுப் போனவன். முதலில் பொறாமைப்படுவார்கள், பிறகு பரிதாபப்படுவார்கள். பொறாமையைத் தாங்கிக்கொள்வாள்.

நாலு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. ஜோஸ்பின் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்த வாசல்படியில் அவள் கால் படுகிறது. கையில் ஒரு பிளாஸ்க். சாவு வீட்டுக்குக் கட்டங்காப்பி கொண்டுபோவது அந்தக் கரையின் வழக்கம்.

“நீ இண்ணைக்கு மாட்டுதியாம்னு கேட்டேன்” என்றாள், உள்ளே வராமல். “ஒத்தைக்கு இருப்பியேன்னு வந்தேன். நான் ஒன்மேல கோவமாத்தான் இருக்கேன், கேட்டியா? ஆனா இதுக்கு ஒத்தைக்கு இருக்கக் கூடாது. நிறைவுன்னு வந்துட்டா மக்களே?”

திரை உள் அறையில் இருந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது.

“ஒரு நிமிஷம் அக்கா.”

பெனிட்டா உள்ளே போனாள். தகட்டை அவள் இன்னும் மாட்டியிருக்கவில்லை. கோட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். கோபம் அப்போதுதான் வந்தது, ஏழு வருடத்துக்கும் சேர்த்து. “ஒனக்குக் கரை கிடையாது. கடல்லயே கிட” என்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். நான்காவது கேபிளின் கொக்கியை விரலால் அமுக்கி இழுத்தாள். திரை அணைந்தது. விசிறி நின்றது.

பிறகு பெட்டி தானாகவே உயிர் பெற்று, மெதுவாக, அடங்கிய சத்தத்தில் ஓடத் தொடங்கியது. வரைபடம் வந்தது. மாலத்தீவுக்கு மேற்கே, தன் பழைய இடத்தில், பச்சைப் புள்ளி ஒன்றும் அறியாததுபோல அசைந்தது. ‘தேடலில்.’

திரும்பினால் ஜோஸ்பின் அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை திரைக்குப் போயிற்று, பிறகு பெனிட்டாவின் கையில் தொங்கிய கேபிளுக்கு வந்தது. அவள் முகம் அப்படியே இளகிவிட்டது.

“நீயுமா மக்களே” என்றாள்.

ஜோஸ்பின் பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கும் கட்டினவளுக்கும் இது ஒண்ணுதான். நிறைவுன்னு வந்தா கை தானா அதுக்குத்தான் போவும். உண்மையாம் உண்மை! எவனுக்கு வேணும்? நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். மாதா சத்தியமாச் சொல்லமாட்டேன்.” அவளும் அழுதாள், பெனிட்டாவும் அழுதாள். இரண்டு பேரும் ஒரே துக்கத்துக்காகத்தான் அழுகிறார்கள் என்று ஜோஸ்பின் நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பெனிட்டா வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும்? ஆன்றோவுக்குத் துணையாக அத்தனை வருடம் அங்கே யாரும் நிற்கவில்லை என்றாகும். வாயை மூடிக்கொண்டாள். ஆன்றோவின் புள்ளி விஷயத்தில் செய்யத் தவறியதை இந்தத் தடவையாவது செய்துவிட வேண்டும் என்று பட்டது.

ஜோஸ்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய நாட்களைப்போலவே புள்ளியை உற்றுப் பார்த்தாள்.

“எனக்க பயல் போனதுக்கு அப்புறம் பாவம், ஒத்தைக்கு நிக்கான்” என்றாள். “நாளைக்குக் காலம்பற வாறேன். வந்து எங்க நிக்கான்னு பாக்கேன்.”

“வாங்க அக்கா” என்றாள் பெனிட்டா. கேபிளை மெதுவாகச் சுருட்டிப் பெட்டிக்குள் மூலையில் வைத்து, தகட்டை மாட்டி, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.